வீட்டில் ஒரு சாவு விழுந்தால்: சென்னையில் ஃப்ரீசர் பாக்ஸ் முதல் இறப்புச் சான்றிதழ் வரை

அப்பா போன அன்று விடிகாலை ஐந்து மணிக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். தெருமுனைச் சுவரில் "அமரர் ஊர்தி, ஃப்ரீசர் பாக்ஸ், 24 மணி நேரம்" என்று எழுதியிருந்த நம்பரை மாமா படம் பிடித்து அனுப்பினார், அதற்கே போட்டேன். விலையைப் பேசவில்லை. அவர்கள் 18,000 என்றார்கள், சரி என்றேன், மறுநாள் கணக்குத் தீர்க்கும்போது அது 31,500 ஆகியிருந்தது. அது கூடப் பெரிதில்லை. மயானத்தில் எழுதிய சீட்டில் அப்பாவின் இனிஷியல் விட்டுப்போய், அதே பெயர் இறப்புச் சான்றிதழில் ஏறி, வங்கியில் அதை வைத்துக்கொண்டு அம்மா ஐந்து மாதம் அலைந்தார். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

இரண்டு வருடம் கழித்துப் பெரியப்பா போனபோது எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். செலவு பாதிதான் ஆனது, அலைச்சல் கிட்டத்தட்ட இல்லை. அந்த இரண்டு சாவுகளுக்கு நடுவே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் சென்னைக்காரன், அதனால் சென்னையை வைத்தே சொல்கிறேன். சட்டமும் தாள்களும் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், மயான நடைமுறைதான் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஃபோனையும் பணப்பையையும் வீட்டில் அழாமல் நிற்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மருமகன், சித்தப்பா பையன், பக்கத்து வீட்டு அண்ணன், யாராக இருந்தாலும் சரி. மகனும் மகளும் உடல் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஆள் எல்லோரிடமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாமாக்கள் ஆளுக்கொரு வண்டிக்குச் சொல்லி இரண்டு வண்டியும் வாசலில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் நின்றன.

1. முதல் வேலை டாக்டர்

பாக்ஸுக்குச் சொல்வதற்கு முன்னால் டாக்டருக்குச் சொல்லுங்கள். வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்துவந்த டாக்டர் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட சான்று தர வேண்டும். இதற்குப் படிவம் 4ஏ என்று பெயர். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே படிவம் 4இல் கொடுத்துவிடுவார்கள். கடைசி நோயில் பார்த்த டாக்டர் இந்தச் சான்றைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. வீட்டுக்கு வந்து போவதற்கான ஃபீஸ் வேறு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் மயானத்தில் உடலை இறக்க மாட்டார்கள்.

படுக்கையில் ரொம்ப நாளாக இருப்பவர், புற்றுநோய் முற்றியவர், தொண்ணூறைத் தாண்டியவர் என்று வீட்டில் யாராவது இருந்தால், பக்கத்தில் இருக்கும் ஒரு டாக்டர் மாதம் ஒரு முறையாவது வந்து பார்த்துப் போகும்படி இப்போதே செய்துவையுங்கள். பழைய மருந்துச்சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முன்பின் பார்க்காத டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடத் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பதறிப்போய் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், "வரும்போதே உயிரில்லை" என்று எழுதி, போலீஸுக்குத் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை வரைக்கும் போகலாம். இயற்கையாக முடிந்த ஒரு வாழ்வுக்கு அந்த அலைக்கழிப்பு தேவையே இல்லை.

ஆனால் விபத்து, தற்கொலை, தீக்காயம், பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, ஏதோ சரியில்லை என்று தோன்றும் சாவு எதுவானாலும் மறைக்கக் கூடாது, காவல்நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் விசாரித்து அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடித்துத்தான் உடலைத் தருவார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. "எதற்கு வம்பு, சீக்கிரம் எடுத்துவிடலாம்" என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2. கண் கொடுப்பதானால் ஆறு மணி நேரம்தான்

கண் தானம் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும், அதனால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன். பக்கத்தில் இருக்கும் கண் வங்கிக்கோ கண் மருத்துவமனைக்கோ சொன்னால் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், முகம் பார்க்க அப்படியே இருக்கும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி, இவர்களும் கொடுக்கலாம். முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, குடும்பம் சம்மதித்தால் போதும்.

முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதானால் அந்தக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பேச வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் சில தொற்றுநோய்கள் இருந்தவர்களின் உடலையும் வாங்க மாட்டார்கள். கண்ணை எடுத்த பிறகும் பொதுவாக வாங்கிக்கொள்வார்கள். இதை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, அதைவிட முக்கியம் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பது. அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் பிள்ளைகள் மாட்டோம் என்றால் யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுப்பது தனி விஷயம், அது மருத்துவமனைக்குள் நடப்பது. அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

3. உடல் விறைப்பதற்கு முன்னால்

இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கை கால்களை நேராக்கி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மோதிரம், மெட்டி, தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் இப்போதே கழற்றி ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். அப்பாவின் மோதிரத்தை நாங்கள் மறந்துவிட்டோம். ஆறு மணி நேரம் கழித்து விரல் வீங்கியிருந்தது, தேங்காய் எண்ணெய் தடவி, நூலைச் சுற்றி, அத்தை கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருகித் திருகி எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தவரை எரிப்பதானால் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சூட்டில் அது வெடிக்கும், எரிமேடையில் வேலை செய்பவருக்கு ஆபத்து. டாக்டரிடம் முதலிலேயே சொன்னால் அவரே ஆள் ஏற்பாடு செய்வார். புதைப்பதானால் எடுக்க வேண்டியதில்லை.

4. ஆளைத் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டில் இருப்பதுபோல உடலைக் கொண்டுபோய் வைத்து எல்லாவற்றையும் அங்கேயே நடத்தும் இடம் நம் ஊரில் அபூர்வம். இங்கே சாவு வீட்டில்தான் நடக்கிறது, சாமான்தான் வீட்டுக்கு வருகிறது. நீங்கள் கூப்பிடும் "இறுதிச் சடங்கு சேவை" என்பவர் பெரும்பாலும் ஒரு வண்டியும் இரண்டு மூன்று ஃப்ரீசர் பாக்ஸும் சொந்தமாக வைத்திருப்பார். பந்தல், நாற்காலி, பூ, பாடை, மேளம், சடங்கு செய்பவர் எல்லாம் அவர் வெளியே பேசிக் கொண்டுவருவது, ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். அது தப்பில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் எது எது அவருடையது, எது வெளியிலிருந்து வருவது என்று தெரிந்துகொண்டால், தெருவிலேயே பூக்காரர் இருக்கும்போது பூவை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஒருவரிடம் கேட்டு உடனே சரி சொல்லாதீர்கள். மூன்று பேருக்குப் போடுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். அந்தத் தெருவில் கடைசியாகச் சாவு நடந்த வீட்டில் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆள் கிடைத்தார். மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டிக்காரர் தானாக வந்து கையைப் பிடித்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் விலை கேட்கும் நிலையில் நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஃபோனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். பாக்ஸ் வாடகை 24 மணி நேரத்துக்கா, இல்லை தேதி மாறினால் இரண்டு நாளா? (ராத்திரி பத்து மணிக்கு வாங்கி மறுநாள் மதியம் எடுத்தால் எங்களுக்கு இரண்டு நாள் என்று போட்டார்கள்.) மாடி ஏற்றக் கூலி தனியா? வண்டி காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு? மயானத்தில் நேரம் வாங்கித் தருவது அவர் பொறுப்பா, நம் பொறுப்பா? பாடை, பச்சை ஓலை, மண்பானை, நெய்ப்பந்தம், கோடித்துணி இவற்றில் எதெல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கம்? வண்டி ஓட்டுபவருக்கும் தூக்குபவர்களுக்கும் கடைசியில் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்குமா? பதில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஆள் இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரை நான் இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.

பாக்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அது ஒரு ஆள் நீளத்துக்கும் மேல், பல அடுக்குமாடி லிஃப்ட்டில் நுழையாது. படியில் திருப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாது என்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் வைக்க அசோசியேஷனில் கேட்டுவிடுங்கள். வந்தவுடன் ப்ளக்கில் போட்டு, உள்ளே குளிர்ந்த பிறகுதான் உடலை வைக்க வேண்டும். குளிப்பாட்டினால் ஈரம் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் நாலு ப்ளக் குத்தி அதில் இதையும் சேர்க்காதீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள், வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. அப்பாவுக்கு வந்த பெட்டியில் குளிர் போதவில்லை, கண்ணாடியில் ஓயாமல் நீர் பூத்தது, அத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிற்பகலுக்குள் வாடை வரத் தொடங்கிவிட்டது. பெட்டி பழுது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், உடனே மாற்றிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர இரண்டு நாள் ஆகும் என்றால் வீட்டுப் பெட்டியை நம்ப வேண்டாம் என்பேன். பெரிய மருத்துவமனைகளின் பிணவறையில் வாடகைக்கு வைக்கலாம், அங்கே குளிர் சீராக இருக்கும். பிள்ளை வந்து இறங்கும் நாளில் காலை வீட்டுக்கு எடுத்துவந்தால் போதும்.

பணம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக இது. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கோ ஊருக்கோ கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. மருத்துவமனை வாசலில் ஆயிரக்கணக்கில் கேட்கும் வண்டிக்குப் போவதற்கு முன்னால் அங்கேயே இதைக் கேளுங்கள். 108 ஆம்புலன்ஸ் இறந்த உடலை ஏற்றாது. தனியார் மருத்துவமனை "பில் கட்டினால்தான் உடல்" என்றால், பில் தகராறைக் காரணம் காட்டி உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று நோயாளிகள் உரிமைச் சாசனம் தெளிவாகச் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் காவல்நிலையத்துக்குப் போங்கள்.

5. எரிப்பதா, புதைப்பதா

பல வீடுகளில் இது கேள்வியே இல்லை, வழக்கம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காதல் கல்யாணம் செய்த குடும்பத்தில், ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆன குடும்பத்தில், இது உடல் முன்னாலேயே சண்டையாகிவிடுகிறது. இந்து என்றால் எரிப்பது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. வீரசைவர்கள் புதைக்கிறார்கள், தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ சமூகங்களில் புதைப்பதுதான் வழக்கம், எரிக்கும் வீட்டிலும் சின்னக் குழந்தையைப் புதைக்கிறார்கள். தாழியில் வைத்துப் புதைத்த நம் முன்னோர்களின் எலும்பை ஆதிச்சநல்லூரில் இன்றும் மண்ணிலிருந்து எடுக்கிறார்கள். இரண்டும் நம் வழக்கம்தான், எதைச் செய்தாலும் குறையில்லை. இறந்தவர் என்ன சொன்னார் என்பதை முதலில் கேளுங்கள், ஒன்றும் சொல்லவில்லை என்றால் மனைவியோ கணவரோ சொல்வதைக் கேளுங்கள், பங்காளிகள் கருத்து அதற்குப் பிறகு.

எரிப்பதில் மூன்று வகை. கட்டையில் எரித்தால் ஒரு ஆளுக்குச் சுமார் 400 கிலோ வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் ஈரக்கட்டை வந்தால் படாதபாடு. கிராமப் பக்கம் வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு பூசி, புகை போக ஓட்டை விட்டு மூட்டம் போடுவார்கள், அது ராத்திரி முழுக்கக் கனன்று எரியும், மறுநாள் காலை போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்குவார்கள். நகரங்களில் இப்போது எரிவாயு மேடைதான் அதிகம், சில இடத்தில் மின்சாரம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து அன்றைக்கே சாம்பல் கையில் கிடைத்துவிடும். கட்டையில் எரித்தால்தான் சாங்கியம் நிறைவேறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொள்ளி வைப்பது, குடம் உடைப்பது, வாய்க்கரிசி போடுவது எல்லாவற்றையும் எரிவாயு மேடைக்கு முன்னாலேயே செய்யலாம், நெஞ்சில் ஒரு துண்டு கற்பூரம் ஏற்றி உள்ளே தள்ளுவார்கள். பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம், பெரியம்மாவுக்கு மனம் ஆறியது. என்னைக் கேட்டால் எரிவாயுதான் என்பேன். மழைக்கும் பயமில்லை, கட்டைக்காரரிடம் பேரமும் இல்லை.

எரிவாயு, மின்சார மேடைக்குப் போகும் உடலுக்கு மெல்லிய பருத்தித் துணி போதும். பட்டுச்சேலையோ ஜரிகையோ பாலியெஸ்டரோ வேண்டாம். மாலை, மூங்கில், தலையணை எல்லாவற்றையும் வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், அப்போது பதற வேண்டாம்.

புதைப்பது என்றால் இடம்தான் கேள்வி. கிறிஸ்தவர்களுக்குப் பங்குத் தந்தை அல்லது சபைப் போதகரின் கடிதம் முதல் தாள், அது இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட மாட்டார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கமும் காசிமேடும் எப்போதோ நெரிசலாகிவிட்டன, புது இடம் கிடைப்பது கஷ்டம், குடும்பக் கல்லறையைத் திறந்து வைப்பதும் காங்கிரீட் அடுக்குக் கல்லறையும்தான் வழியாக இருக்கிறது. அதற்கு அந்தக் கல்லறை யார் பெயரில் இருக்கிறது என்ற ரசீது வேண்டும். தாத்தா காலத்து ரசீது எங்கே என்று இப்போதே அலமாரியில் தேடி வையுங்கள். கடைசியாக எப்போது திறந்தது, மறுபடி திறக்க எத்தனை காலம் ஆக வேண்டும் என்று அலுவலகத்தில் கேளுங்கள். சவப்பெட்டி வாங்கும்போது குழியின் அளவைக் கேட்டு வாங்குங்கள், பெரிய கைப்பிடி வைத்த பெட்டி பழைய கல்லறைக்குள் இறங்காமல் மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1963லிருந்து எரிப்பதை அனுமதிக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் சாம்பலைக் கரைக்கவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனிதமான இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதி.

முஸ்லிம் வீடுகளில் இந்த வழிகாட்டியே பாதிக்கு மேல் தேவைப்படாது. ஜமாஅத்துக்குச் சொன்னால் போதும், மய்யித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்ட ஆள் வரும், உடலைச் சுற்றும் கஃபன் துணி, சுமந்துபோகும் சந்தூக்கு எல்லாம் பள்ளிவாசலிலிருந்தே வந்துவிடும், ஜனாஸா தொழுகை முடிந்து அன்றைக்கே கபர்ஸ்தானில் அடக்கம். எந்தப் பணக்காரருக்கும் அதே வெள்ளைத் துணிதான். மற்றவர்கள் நாள் கணக்கில் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எளிமையும் வேகமும் எனக்கு மரியாதையாகத் தோன்றும்.

சொந்தத் தோட்டத்தில் புதைக்கலாமா என்று ஊரில் அடிக்கடி கேட்பார்கள். மயானம் என்று ஒதுக்கப்படாத இடத்தில் அனுமதியில்லாமல் புதைக்கக் கூடாது, புதைத்தால் தோண்டி எடுக்க வேண்டிவரும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. ஆசைப்பட்டார் என்பதற்காக வயலோரம் வைத்துவிட்டுப் பிறகு அந்த உடலையே எடுக்கும் நிலைக்கு ஆளாக வேண்டாம்.

6. மயானத்தில்

சென்னையில் பெசன்ட் நகர், கண்ணம்மாபேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, வேலங்காடு, ஓட்டேரி, மூலக்கொத்தளம் என்று வட்டாரத்துக்கு ஒன்று இருக்கிறது. மாநகராட்சி மயானத்தில் எரிக்கவோ புதைக்கவோ மாநகராட்சி பணம் வாங்குவதில்லை, "கட்டணம்" என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். முதலில் ஒரு ஆள் மட்டும் பைக்கில் போய், மேடை வேலை செய்கிறதா, எத்தனை உடல் வரிசையில் இருக்கிறது, மாலையில் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். ராகுகாலம் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்துக்கு வருவதால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் கூட்டமாக இருக்கும். சனிக்கிழமை என்றால் "சனிப் பிணம் தனியே போகாது" என்று ஒருவர் பாடையில் கட்டக் கோழிக்குஞ்சு தேடிப் போய்விடுவார், அவருக்காக எல்லோரும் காத்திருக்க நேரும். அதையும் காலையிலேயே சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: டாக்டர் சான்று, இறந்தவரின் ஆதார், உங்கள் ஆதார், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அங்கே பதிவேட்டில் பெயர் எழுதும்போது வாயால் சொல்லாதீர்கள். ஆதாரைப் பக்கத்தில் வைத்து, அதிலுள்ளபடியே, இனிஷியல் உட்பட, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லி, தகப்பனார் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், வயது, முகவரி, இறந்த நேரம் எல்லாவற்றையும் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். அப்பாவுக்கு அந்த மேஜை முன்னால் நின்றது சித்தப்பா. "பேரென்ன" என்று கேட்டார்கள், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார், அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவரை நான் எப்படிக் கோபிப்பேன்? அழாத ஆளிடம் ஃபோனைக் கொடுங்கள் என்று மேலே சொன்னது இந்த மேஜைக்காகவும்தான். அங்கே தரும் சீட்டை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. மயானத்தில் வேலை செய்பவர்களைப் பழைய சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அண்ணே என்று கூப்பிடுங்கள். நம் அப்பாவைக் கடைசியாகத் தொட்டுத் தூக்குபவர் அவர். கையில் கொடுப்பதை முகம் பார்த்துக் கொடுங்கள்.

சாம்பலை வாங்கும்போது பானையில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெசன்ட் நகர் கடலில் அன்றைக்கே கரைக்கலாம், ராமேஸ்வரம், பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் என்று கொண்டுபோகலாம். விமானத்தில் எடுத்துப்போவதானால் தகனச் சீட்டும் இறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும்.

உடலையே வெளியூருக்கு விமானத்தில் கொண்டுபோவதானால் உடலைப் பதப்படுத்த வேண்டும், அதற்கான சான்று, டாக்டர் சான்று, காவல்நிலையத்தின் தடையில்லாச் சான்று, மூடி முத்திரையிட்ட பெட்டி எல்லாம் கேட்பார்கள். வளைகுடாவில் இறந்தவரைக் கொண்டுவருவதற்கு இவற்றோடு இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்றும் ரத்து செய்த பாஸ்போர்ட்டும் வேண்டும். நாள் ஆகும், குடும்பத்துக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

7. சான்றிதழ்

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்து அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று போகப் போக இறுகும். எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு, சொந்த ஊரில் இல்லை. மதுரைக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் சென்னையில்தான் சான்றிதழ். மருத்துவமனைச் சாவை அவர்களே தெரிவித்துவிடுவார்கள், வீட்டில் நடந்ததை நாம்தான் மாநகராட்சி அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும், கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம். பதிவானதும் சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தால் 21 நாளில் மிச்சம் ஐந்துதான், அதனால் மூன்றாம் நாளே ஒருவர் போய்விடட்டும். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ் எல்லாமே இந்த ஒரு தாளில் இருக்கும் பெயரை வைத்துத்தான் நடக்கும்.

பெரியப்பா காரியம் முடிந்த வாரம் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன், கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. அம்மா தயங்கவே இல்லை, எழுதிக்கோ என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். கண் கொடுத்துவிடுங்கள். எரிவாயு. மேளம் வேண்டாம். தங்கச்சி பெங்களூரிலிருந்து வரும்வரை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மெட்டியைக் கழற்றாதீர்கள் என்றார், எரிவாயு மேடையில் விட மாட்டார்கள் அம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் நீயே கழற்று, வேறு யாரும் வேண்டாம் என்றார். தாளை மடித்து ஆதாரோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.